எம்டன்: ஒரு கப்பலின் பற்று வரவு

கெட்டிக்காரப் பையனைப் பார்த்து, "இவன் சரியான எம்டன்டா, இவன்கிட்ட ஜாக்கிரதை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை புரியாது. யமனோடு சம்பந்தப்படுத்தி அர்த்தம் சொல்கிறவர்களும் உண்டு. யமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எம்டன் என்பது ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊர். அந்த ஊர்ப் பெயரை வைத்த ஒரு போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி சென்னையைச் சுட்டது. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. மலையாளத்தில் "எமண்டன்" என்றால் பிரம்மாண்டமானது என்றே அர்த்தம் ஆகிவிட்டது. 2006ல் "எம்டன் மகன்" என்று பெயர் வைத்த சினிமா, தமிழ்ப் பெயர் இருந்தால்தான் வரிவிலக்கு என்பதால் "எம் மகன்" என்று வெளிவந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இந்தக் கப்பலைப் பற்றி நம்மவர்களிடையே கதைகள் ஏராளம். வெள்ளைக்காரனை விரட்ட வந்த கப்பல் என்பார்கள். அதிலே நம்ம ஆள் ஒருவர் இருந்தார், அவர்தான் பீரங்கியைத் திருப்பினார் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வியாபாரி. சாந்தேப்பேட்டையில் நாற்பது வருஷமாகச் சரக்கு வாங்கி விற்கிறவன். கப்பல் ஓட்டத் தெரியாது, கணக்குப் பார்க்கத் தெரியும். கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தபோது, எம்டனின் கதை முழுக்க எனக்கு ஒரு பேரேடு மாதிரியே தெரிந்தது. அந்தப் பேரேட்டின் எல்லாப் பக்கத்திலும் இருக்கிற ஒரே சரக்கு நிலக்கரி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் கதை சரியாக வரும்.

முதலில் கப்பலின் ஜாதகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கடற்படைகளில் "கார்வெட்" என்று ஒரு வகைக் கப்பல் இருந்தது. பாயும் உண்டு, நீராவி இயந்திரமும் உண்டு. பெரிய யுத்தக் கப்பலோடு மோதுவதற்கல்ல. தூர தேசத்தில் கொடி காட்டுவது, எதிரியின் சரக்குக் கப்பலை மறிப்பது, இதுதான் அதன் தொழில். 1879ல் சிலியோடு நடந்த சண்டையில் பெரு நாட்டின் "யூனியோன்" என்ற கார்வெட், "உவாஸ்கர்" என்ற இரும்புக்கவசக் கப்பலோடு சேர்ந்து, ஒரு குதிரைப்படையையே ஏற்றிவந்த "ரீமாக்" என்ற சிலிக் கப்பலைப் பிடித்தது. 1881ல் லிமா நகரம் விழுந்தபோது, எதிரி கைக்குப் போகக்கூடாது என்று பெருக்காரர்களே யூனியோனை அழித்துவிட்டார்கள். அந்தக் கார்வெட்டுகளின் வாரிசுதான் சின்ன குரூசர்கள். எம்டன் அந்த வகை.

டான்சிக் நகரத்து அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் (இன்று போலந்தின் கதான்ஸ்க்) 1906ல் வேலை தொடங்கி, 1908 மே 26ல் தண்ணீரில் இறக்கி, 1909 ஜூலையில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் 118 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பத்து பீரங்கிகள். இரண்டு டார்பிடோக் குழாய்கள். 360 பேர். இதே வகையில் கட்டிய ஜோடிக் கப்பல் டிரெஸ்டனுக்கு அப்போது புதிதாக வந்த டர்பைன் வைத்தார்கள். எம்டனுக்குப் பழைய முறைப்படி பிஸ்டன் இயந்திரம், 12 கொதிகலன்கள். ஜெர்மன் குரூசர்களில் இந்தப் பழைய இயந்திரம் வைத்த கடைசிக் கப்பல் இதுதான். கரிக் கிடங்கு முழுக்க நிரப்பினால் சுமார் 860 டன் பிடிக்கும். மணிக்கு 12 கடல் மைல் என்று நிதானமாகப் போனால் 3,760 கடல் மைல் ஓடலாம். வேகம் கூட்டினால் கரி தண்ணீராகக் கரையும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910 ஏப்ரல் 1ஆம் தேதி எம்டன் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அதற்குப் பிறகு அது ஜெர்மனியைப் பார்க்கவே இல்லை. தென் அமெரிக்காவைச் சுற்றி, வால்பரைசோ, தஹீத்தி வழியாகப் பசிபிக்கைக் கடந்து, செப்டம்பரில் சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைப் பெயிண்டும் ஒடிசலான உருவமும் பார்த்து அங்கே அதைக் "கிழக்கின் அன்னம்" என்றார்கள்.

அன்னம் என்ன செய்தது? 1910 அக்டோபரில் போனபே என்ற பசிபிக் தீவில், கட்டாயச் சாலை வேலையால் மனம் கொதித்த சோகேஸ் மக்கள் ஜெர்மன் அதிகாரிகளைக் கொன்று கலகம் செய்தார்கள். 1911 ஜனவரியில் எம்டனும் வேறு சில கப்பல்களும் போய்ச் சுட்டன. கலகத் தலைவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஜனங்களைப் பெண்டு பிள்ளைகளோடு வேறு தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1913ல் சீனாவில் நடந்த உள்நாட்டுச் சண்டையின்போது யாங்சி நதியில் ஒரு கோட்டையோடு குண்டு பரிமாறிக்கொண்டது. எம்டனைப் புகழ்கிற புத்தகங்கள் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. நாம் அப்படிச் செய்யக்கூடாது. அடிமை நாட்டை விடுவிக்க வந்த கப்பல் என்று சொல்லுமுன், அந்தச் சோகேஸ் ஜனங்களையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். அது ஒரு சாம்ராஜ்யத்தின் கப்பல். இன்னொரு சாம்ராஜ்யத்தோடு மோதியது. அவ்வளவே.

1913 மே மாதம் கார்ல் ஃபான் முல்லர் கேப்டனாக வந்தார். அதிகம் பேசாத மனிதர். 1914 ஆகஸ்டில் உலக யுத்தம் மூண்டதும், கிழக்கே இருந்த ஜெர்மன் கப்பல்களெல்லாம் அட்மிரல் ஷ்பேயின் தலைமையில் பசிபிக்கில் பாகன் தீவில் கூடின. எல்லாரும் தென் அமெரிக்காப் பக்கம் போவதாகத் தீர்மானம். அப்போது முல்லர், ஒரு கப்பலையாவது இந்துமாக் கடலுக்கு அனுப்பலாமே என்றார். கூட்டமாகப் போனால் அத்தனை கப்பலுக்கும் அங்கே கரி கிடைக்காது, ஒரே கப்பல் என்றால் பிடிக்கிற கப்பலிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பது வாதம். ஷ்பே சம்மதித்து, மார்க்கோமானியா என்ற கரிக் கப்பலைத் துணைக்குக் கொடுத்து, ஆகஸ்ட் 14ல் எம்டனை மட்டும் பிரித்து அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். கொழும்பு, சென்னை, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஏடன் எல்லாமே ஆங்கிலேயர் கையில். டச்சுக்காரர்கள் நடுநிலை, ஆகவே அவர்கள் துறைமுகத்தில் நினைத்தபடி கரி ஏற்ற முடியாது. சொந்தக் கடையும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை. அந்நிய ஊர்ச் சந்தையில் கையில் காசில்லாமல் வியாபாரத்துக்கு இறங்கியது போலத்தான். வழியில், எம்டனின் மூன்று புகைப்போக்கிக்குப் பக்கத்தில் மரத்தாலும் கித்தானாலும் நாலாவதாக ஒன்றைப் பொய்யாகக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யார்மவுத் என்ற ஆங்கிலேயக் குரூசர் மாதிரி இருக்கும். இது துணைத் தளபதி மூக்கேயின் யோசனை.

செப்டம்பர் முதல் வாரம் வங்காள விரிகுடாவில் நுழைந்தார்கள். 10ஆம் தேதி முதலில் சிக்கியது பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பல். கிரீஸ் நடுநிலை நாடு, ஆனால் ஏற்றியிருந்த 6,500 டன் கரி ஆங்கிலேயருடையது. முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை, வாடகைக்குப் பேசிக் கூடவே அழைத்துக்கொண்டார்! ஆனால் அது நம் நாட்டுக் கரி. எரிந்தால் கறுப்புப் புகை மண்டும், சாம்பல் அதிகம், சூடு குறைவு. ஒளிந்து திரிகிற கப்பலுக்குப் புகை எமன். வேல்ஸ் கரி என்றால் சூடும் அதிகம், புகையும் குறைவு. அதனால் முல்லர் மனதில் எப்போதும் வேல்ஸ் கரிதான். 13ஆம் தேதி கில்லின் என்ற கப்பல் 6,000 டன் நாட்டுக் கரியோடு அகப்பட்டபோது அப்படியே மூழ்கடித்துவிட்டார். வைக்க இடமில்லை, தரமும் இல்லை. செப்டம்பர் 27ல் கொழும்புக்கு மேற்கே ப்யூரெஸ்க் என்ற கப்பல் 6,000 டன்னுக்கு மேல் வேல்ஸ் கரியோடு வந்து சிக்கியது. ஆங்கிலேயக் கடற்படைக்கே போய்க்கொண்டிருந்த சரக்கு. மொத்தக் கடற்பயணத்திலும் எம்டனுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன்.

கரி ஏற்றுவது என்றால் இப்போது பைப்பை மாட்டி டீசல் பிடிக்கிற காரியம் அல்ல. நடுக்கடலில் இரண்டு கப்பலையும் பக்கத்தில் கட்ட வேண்டும். அலை அடிக்கும், இரும்பும் இரும்பும் இடிக்கும். ஆட்கள் இறங்கிச் சாக்கில் அள்ளி, தூக்கி, இந்தக் கிடங்கில் கொட்ட வேண்டும். வெயில் ஒரு பக்கம், கரித்தூள் ஒரு பக்கம். கிடங்கு நிறைந்த பிறகும் மேல்தளத்தில் குவித்து வைப்பார்கள். சண்டை போட வந்த ஆட்கள் பாதி நாள் மூட்டை தூக்கும் கூலிகளாகத்தான் இருந்திருக்கிறார்கள். குளிக்கச் சோப்பு கூட தீர்ந்துபோயிருந்தது. 10ஆம் தேதியே பிடிபட்ட இண்டஸ் என்ற கப்பலில் பெட்டி பெட்டியாகச் சோப்பு இருந்ததில் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பின்னால் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஐந்து நாட்களில் லோவாட், டிப்ளமாட், டிராபக், கிளான் மேத்தசன் என்று வரிசையாகப் பல கப்பல்கள் போயின. டிப்ளமாட்டில் மட்டும் ஆயிரம் டன் தேயிலை. கிளான் மேத்தசனில் ரயில் எஞ்சின், மோட்டார் கார், டைப்ரைட்டர், பந்தயக் குதிரைகள். குதிரைகளை ஏற்றிக்கொள்ள இடமில்லை என்று சுட்டுக் கொன்றுவிட்டுக் கப்பலை மூழ்கடித்தார்கள். படிக்கும்போது மனது சங்கடப்பட்டது. மனிதர்கள் விஷயத்தில் முல்லர் கவனமாக இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிடித்த கப்பலின் ஆட்களை முதலில் இறக்கிப் பாதுகாப்பாக வைத்த பிறகுதான் கப்பலை அழிப்பார். கபிங்கா என்ற கப்பலில் அமெரிக்கர்களின் சரக்கு இருந்தது, கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை அழிக்காமல், கைதிகள் அத்தனை பேரையும் அதில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். போகும்போது அந்தக் கைதிகளே எம்டனுக்கு ஜே போட்டார்கள்.

இனி சென்னைக்கு வருவோம். 1914 ஆகஸ்ட் 21 அமாவாசையன்று சூரிய கிரகணம். அடுத்த அமாவாசை செப்டம்பர் 19. ஆகவே செப்டம்பர் 22 என்பது நவராத்திரியின் மூன்றாம் நாள். இங்கே மைசூரில், கட்டி முடித்து இரண்டே வருஷமான புது அரண்மனையில் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துத் தசரா நாட்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு கொலு இருந்திருக்கும். மூன்றாம் பிறை சீக்கிரமே மறைந்துவிடும், ராத்திரி நல்ல இருட்டு. யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அப்போது உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிதான் கலங்கரை விளக்கம். அந்த வெளிச்சமும் எம்டனுக்கு வழி காட்டியது.

ஒன்பதரை மணிவாக்கில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று, சர்ச்லைட்டைப் போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறி வைத்தது. சுமார் 125 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. குண்டுகள் துறைமுகக் கட்டடங்களிலும் உயர்நீதிமன்ற வளாகத்திலும் போய் விழுந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட ஆரம்பித்ததும் எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் போய்விட்டது. எரிந்த எண்ணெயின் வெளிச்சம் கடலில் வெகுதூரம் வரை தெரிந்தது. மறுநாள் புதுச்சேரிக்கு எதிரே போய்ப் பார்த்து, கப்பல் எதுவும் இல்லை என்று இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனது.

ராணுவக் கணக்கில் பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு தொட்டி எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் வியாபாரக் கணக்கே வேறு. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வெளியூர்களுக்கு ஓடினார்கள். கடைகள் மூடின. வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து நின்றது. கல்கத்தா சணலும் தேயிலையும் ரங்கூன் அரிசியும் துறைமுகத்தில் தேங்கின. இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். சரக்கு மூழ்கினால் ஒருவனுக்கு நஷ்டம். சரக்கு நகரவில்லை என்றால் பேட்டைக்கே நஷ்டம். முல்லருக்கு இது தெரிந்திருந்தது. கடலின் அரசன் என்று பேரெடுத்த ஆங்கிலேயன் தன் வாசற்படியையே காக்க முடியவில்லை என்று ஜனங்கள் பார்த்ததுதான் பெரிய அடி. நம் மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை எகிப்துக்குக் கிளம்பியதும் அந்த அக்டோபரில்தான். பின்னால் 1918ல் ஹைஃபா நகரைப் பிடித்துப் பேர் வாங்கிய அதே படை. படையேற்றிய கப்பல்களுக்கெல்லாம் காவல் கப்பல் தேட வேண்டிய நிலைமை.

இலங்கையிலும் இதே பீதிதான். யாலா காட்டுக்கு முதல் காப்பாளராக இருந்த எங்கல்பிரெக்ட் என்ற போயர், எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று யாரோ கிளப்பிவிட்டதில் சிறைக்குப் போனார். அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. அக்டோபர் 9ல் எம்டன் டியகோ கார்சியா தீவில் ஒதுங்கியபோது, அங்கிருந்தவர்களுக்கு உலக யுத்தம் தொடங்கியதே தெரியாது! ஜெர்மானியர்களும் அதைச் சொல்லவில்லை. தோட்டத்து மேனேஜரின் மோட்டார்ப் படகை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு, கப்பலின் அடிப்பாசியைச் சுரண்டிக்கொண்டு கிளம்பினார்கள். மினிக்காய்ப் பக்கம் வந்து மறுபடி ஐந்து கப்பல்களை மூழ்கடித்தார்கள். எக்ஸ்ஃபோர்டு என்ற கப்பலில் மேலும் வேல்ஸ் கரி கிடைத்தது. ஆனால் அதற்குள் சுமத்ராப் பக்கம் உண்மையான யார்மவுத்தே வந்து, மார்க்கோமானியாவையும் பொன்டோபொரோஸையும் முடித்துவிட்டது.

இப்போது அந்த "நம்ம ஆள்" கதை. செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்று மேடையில் சொல்லக் கேட்கிறோம், மலர்களில் அச்சாகியும் பார்க்கிறோம். 1914 செப்டம்பரில் அவர் இருந்தது சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில். அங்கே இந்திய விடுதலைக்குக் கமிட்டி அமைத்துவிட்டு, அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். எம்டன் சிங்தாவை விட்டு வந்தது ஜூலை 31ல். ஜூரிச்சில் இருக்கிறவர் சீனக்கரைக் கப்பலில் எப்படி ஏறுவார்? கப்பலில் இருந்து பிழைத்து வந்து புத்தகம் எழுதிய அதிகாரிகளும் ஓர் இந்தியர் இருந்ததாகச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் பிறந்து, ஐரோப்பாவில் இருபத்தைந்து வருஷம் போராடி, 1934ல் பெர்லினில் இறந்தவர். அவர் அஸ்தியை 1966ல் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் செய்ததே மலையளவு இருக்கிறது. செய்யாததைச் சேர்த்தால், ஒருநாள் யாராவது அதைப் பொய் என்று காட்டும்போது, செய்ததையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதைத் திருத்திச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 28 விடியற்காலை, பொய்ப் புகைப்போக்கியோடு எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஷெம்சுக் என்ற ரஷ்யக் குரூசர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கேப்டன் கரையில். இரண்டு டார்பிடோவில் கப்பல் உடைந்து மூழ்கியது, தொண்ணூறு பேர்போல மாண்டார்கள். வெளியே வரும்போது எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்து, தண்ணீரில் தத்தளித்த 36 பேரை எடுத்து, பிறகு வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

நவம்பர் 9. கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவு. ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்கப் பக்கத்தையும் இணைக்கிற கடலடித் தந்திக் கம்பிகள் அப்போது அங்கேதான் கூடின. அதை அறுக்க மூக்கே தலைமையில் ஐம்பது பேர் இறங்கினார்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது எங்கள் டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் கேட்க, இவர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே நிலையத்தார், இனம் தெரியாத கப்பல் வந்திருக்கிறது என்று தந்தி அடித்துவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட படைக் கப்பல்களோடு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை சுமார் ஐம்பது மைல் தொலைவில்தான் போய்க்கொண்டிருந்தது என்று முல்லருக்குத் தெரியாது. அந்தக் காவலிலிருந்து சிட்னி என்ற ஆஸ்திரேலியக் குரூசர் பிரிந்து வந்தது.

அடிவானத்தில் புகை தெரிந்தது. எம்டனில் இருந்தவர்கள் பதறவில்லை. கரி ஏற்றுவதற்காக வரச்சொல்லியிருந்த ப்யூரெஸ்க்தான் வருகிறது என்று நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது கரையிலிருந்த ஐம்பது பேரை ஏற்றிக்கொள்ள நேரமில்லை. 9.40க்கு எம்டன் முதலில் சுட்டு, முதலில் நன்றாகவே அடித்தது. ஆனால் சிட்னியின் குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ, எம்டனுடையது 17 கிலோ. சிட்னி வேகமும் அதிகம், எட்டாத தூரத்தில் நின்றே அடித்தது. புகைப்போக்கிகள் சாய்ந்தால் கொதிகலனுக்குக் காற்று இழுப்பு போய்விடும், நீராவி குறைந்துவிடும். அதுதான் நடந்தது. 11.20 வாக்கில் முல்லர் கப்பலை நார்த் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். எம்டனில் 134 பேர் இறந்தார்கள், சிட்னியில் 4 பேர். ப்யூரெஸ்க்கை அதிலிருந்த ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். அதையும் சேர்த்தால் எம்டன் கணக்கில் மூழ்கிய ஆங்கிலேய வணிகக் கப்பல்கள் 16, சுமார் 70,000 டன்.

கரையில் மாட்டிய மூக்கேயும் ஆட்களும் அயேஷா என்ற ஓட்டைப் பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ரா போய், வேறு கப்பலில் அரபு நாடு போய், ஒட்டகத்திலும் ரயிலிலுமாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தது தனிப் புராணம். அடுத்த மலரில் இடம் கொடுத்தால் எழுதலாம். முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்து, 1923ல் காலமானார். பிழைத்தவர்கள் தங்கள் பெயரோடு "எம்டன்" என்பதைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதித்தது. ஜெர்மனியில் இன்றும் அப்படிப் பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்து ஹைட் பூங்காவில் இருக்கிறது. அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் பார்த்துவரச் சொல்லுங்கள். சென்னையில் விழுந்த குண்டு ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயர்நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுவரில், அந்த ராத்திரியின் நினைவாகக் கல் பதித்திருக்கிறார்கள். கப்பலின் உடல் மட்டும் பவளப்பாறையிலேயே நாற்பது வருஷம் துருப்பிடித்துக் கிடந்தது. 1950களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி வந்து பெரும்பகுதியை வெட்டி எடுத்துப் பழைய இரும்பாகக் கொண்டுபோனது. மிச்சம் சில துண்டுகள் இன்னும் அந்தத் தண்ணீருக்குள் கிடக்கின்றன.